வறட்சி, வெள்ளம், உப்பு, வெப்பம்: பயிரின் மரபணுக்கள் எப்படிப் பதில் சொல்கின்றன?

கேள்வி இதுதான்: வறட்சியோ உப்போ வெப்பமோ தாக்கும்போது பயிரில் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் செயல்பாடு மாறுகிறது என்கிறார்கள். அவற்றில் பலமாகத் தூண்டப்படும் ஒன்றிரண்டை எடுத்து எந்நேரமும் ஓடவிட்டால் தாங்கும் ரகம் கிடைத்துவிடாதா? இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படி வந்த ரகங்கள் ஏன் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருக்கின்றன?

நெருக்கடியில் ஒரு மரபணு தூண்டப்படுவது வேறு, அந்த மரபணுவால் பயிர் தாங்குவது வேறு. அந்த நீண்ட பட்டியலில் பெரும்பாலானவை அடி விழுந்ததைக் காட்டும் அடையாளங்கள். தாங்குதிறனைத் தரும் மரபணுக்கள் சிலவே. அவையும் சரியான திசுவில், சரியான நேரத்தில், சரியான அளவில் ஓடினால்தான் பலன். எங்கும் எப்போதும் ஓடவிட்டால் பல சமயம் கெடுதலே மிஞ்சும்.

முதலில் வறட்சியை எடுத்துக்கொள்வோம். மண் காயத் தொடங்கியதும் இலையில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடுகிறது. ஒவ்வொரு இலைத்துளையின் இருபுறமும் இரண்டு காப்புச் செல்கள் இருக்கும். அவை நீரால் உப்பியிருந்தால் துளை திறந்திருக்கும், தளர்ந்தால் மூடிக்கொள்ளும். இந்தச் செல்களில் ஸ்னார்க்2 என்றொரு நொதி இருக்கிறது. சாதாரண நாட்களில் பிபி2சி என்ற இன்னொரு நொதி அதைச் செயல்படவிடாமல் அமுக்கி வைத்திருக்கும். அப்சிசிக் அமிலம் வந்து அதன் ஏற்பியில் அமர்ந்ததும், அந்த ஏற்பி பிபி2சியைப் பிடித்துக்கொள்கிறது. விடுபட்ட ஸ்னார்க்2, சவ்விலுள்ள ஸ்லாக்1 என்ற அயனி வாயிலைத் திறந்துவிடுகிறது. எதிர்மின் அயனிகள் வெளியேற, பொட்டாசியமும் பின்னாலேயே போகிறது. நீரும் போகிறது. துளை மூடுகிறது. இந்த ஏற்பிகள் அடையாளம் காணப்பட்டது 2009-ல்தான்.

இதுவரை சொன்னதில் ஒரு மரபணுவும் புதிதாக ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாம் ஏற்கெனவே செல்லில் தயாராக இருந்த புரதங்களின் வேலை, சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. ஆர்என்ஏவை மட்டும் அளப்பவர் கண்ணுக்கு இந்த முதல் பதில் படவே படாது.

மரபணுக்களின் முறை அதன் பிறகுதான் வருகிறது. அதே ஸ்னார்க்2, ஏரெப் வகைப் படியெடுப்புக் காரணிகளையும் முடுக்கிவிடுகிறது. படியெடுப்புக் காரணி என்பது டிஎன்ஏவில் குறிப்பிட்ட எழுத்து வரிசையைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு, அதற்கு அடுத்துள்ள மரபணுவை ஓடவைக்கும் புரதம். அப்சிசிக் அமிலத்துக்குக் கட்டுப்பட்ட மரபணுக்களின் புரோமோட்டரில், அதாவது மரபணு எப்போது எங்கே ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் முன்பகுதியில், ஏ-சி-ஜி-டி என்ற மையம் கொண்ட வரிசை இருக்கும். இந்த ஹார்மோனைச் சாராத இன்னொரு பாதையும் உண்டு. டிரெப் காரணிகள் சி-சி-ஜி-ஏ-சி மையம் கொண்ட வரிசையைப் பிடிக்கின்றன. டிரெப்1 பிரிவு, அதாவது சிபிஎஃப் என்றும் அழைக்கப்படுவது, குளிருக்கு. டிரெப்2 பிரிவு வறட்சிக்கும் வெப்பத்துக்கும். குளிர் பட்ட பதினைந்து நிமிடத்துக்குள்ளேயே சிபிஎஃப் ஆர்என்ஏ ஏறத் தொடங்கிவிடும். அது தயாரிக்கச் சொல்லும் பாதுகாப்புப் புரதங்கள் சேர மணிக்கணக்கில், சில நேரம் நாட்கணக்கில் ஆகும். எந்த நேரத்தில் மாதிரி எடுத்தோம் என்பதைச் சொல்லாத வெளிப்பாட்டுத் தரவு பாதித் தரவுதான்.

டிரெப்1ஏ மரபணுவை எந்நேரமும் ஓடவிட்டுப் பார்த்த சோதனை உங்கள் கேள்விக்கு நேரடியான பதில். ஆய்வகங்களில் மாதிரிச் செடியாக வளர்க்கப்படும் அராபிடாப்சிஸில், எங்கும் எப்போதும் ஓடும் 35எஸ் புரோமோட்டரோடு அதை இணைத்தார்கள். செடி வறட்சி, உப்பு, உறைபனி மூன்றையும் தாங்கியது. ஆனால் குட்டையாக நின்றுவிட்டது. அதே மரபணுவை நெருக்கடி வந்தால் மட்டும் ஓடும் ஆர்டி29ஏ புரோமோட்டரில் இணைத்ததும் தாங்குதிறன் கிடைத்தது, வளர்ச்சிக் குறைவும் பெருமளவு நீங்கியது. ஜப்பானில் ஷினோசாகி குழுவினர் 1999-ல் காட்டியது இது. காரணம் எளிது. காப்பு வேலையும் வளர்ச்சியும் ஒரே சர்க்கரையையும் ஒரே நைட்ரஜனையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதோடு, டிரெப் காரணிகள் ஜிப்ரெலின் என்ற வளர்ச்சி ஹார்மோனைக் குறைத்து வளர்ச்சிக்கு நேரடியாகவே முட்டுக்கட்டை போடுகின்றன.

தாங்குதிறன் என்பதற்குப் பொருள் சூழ்நிலைக்குச் சூழ்நிலை மாறும் என்பதை நெல்லும் வெள்ளமும் காட்டுவதுபோல் வேறெதுவும் காட்டாது. வாயுக்கள் நீரில் காற்றைவிடப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். அதனால் மூழ்கிய நெல்லுக்குள் உற்பத்தியாகும் எத்திலீன் என்ற வாயு ஹார்மோன் வெளியேற முடியாமல் உள்ளேயே தேங்குகிறது. "நீருக்கடியில் இருக்கிறோம்" என்று செடிக்குத் தெரிவதே இதனால்தான். சாதாரண ரகத்தில் எத்திலீன் ஜிப்ரெலினின் வேகத்தைக் கூட்டிவிடும். இலையும் தண்டும் நீர்மட்டத்தை எட்டிப் பிடிக்க நீள்கின்றன, சேமிப்பிலிருந்த மாவுச்சத்து தீர்ந்துபோகிறது. ஒரு வாரம் பத்து நாள் கழித்து வெள்ளம் வடிந்தால், வெளிறி நீண்ட தாள்கள் அப்படியே சாய்ந்து அழுகும்.

ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ ரகம் வேறு வழியில் போகிறது. அதன் ஒன்பதாம் குரோமோசோமில் உள்ள சப்1ஏ என்ற மரபணு 2006-ல் அடையாளம் காணப்பட்டது. அதுவும் எத்திலீனால் தூண்டப்படும் ஒரு படியெடுப்புக் காரணிதான். ஆனால் அது எஸ்எல்ஆர்1 போன்ற, ஜிப்ரெலினை அடக்கும் புரதங்களைக் கூட்டிவிடுகிறது. பிரேக் போட்டதுபோல வளர்ச்சி நின்று, செடி அடங்கி ஒடுங்கிக் கிடக்கிறது. மாவுச்சத்து மிஞ்சுகிறது, பச்சையம் தங்குகிறது. நீர் வடிந்ததும் அடியிலிருந்து புதுத் தூர் வெடிக்கிறது. இரண்டு வாரம் வரை முழுதாக மூழ்கியிருந்தாலும் பிழைத்துவிடும். சொர்ணா ரகத்தோடு திரும்பத் திரும்பப் பின்கலப்பு செய்து, டிஎன்ஏ குறியீட்டை வைத்துத் தேர்வு செய்து உருவாக்கிய சொர்ணா-சப்1, 2009-ல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. சாதாரண ஆண்டில் விளைச்சல், பருவம், அரிசியின் தன்மை எல்லாம் ஏறக்குறைய பழைய சொர்ணாவேதான். சப்1ஏ வெள்ளத்தில் மட்டும் பலமாக ஓடுவதும் இதற்கு ஒரு காரணம்.

ஆழ்நீர் நெல்லில் ஸ்னார்க்கெல்1, ஸ்னார்க்கெல்2 என்று இரண்டு மரபணுக்கள் 2009-ல் கண்டறியப்பட்டன. இவையும் எத்திலீனுக்குக் கட்டுப்பட்டவை, இவையும் சப்1ஏ குடும்பமே. செய்வது மட்டும் நேர் எதிர். தண்டை நாளொன்றுக்கு 20 செ.மீ.க்கும் மேல் நீளவைத்துத் தலையை நீருக்கு மேலே தூக்கிவிடுகின்றன. மாதக்கணக்கில் நீர் நிற்கும் பள்ளங்களுக்கு இதுதான் சரி. வந்து வடியும் வெள்ளத்துக்கு சப்1ஏ சரி. இடம் மாற்றி விதைத்தால் இரண்டுமே தோற்கும். முழங்காலளவு நீர் பருவம் முழுக்கத் தேங்கும் வயலில் சப்1ஏ மட்டும் போதாது, அங்கே கொஞ்சம் நீள வேண்டும். நேரடி விதைப்பில் முளைக்கும்போதே நீர் நின்றால் அதற்கும் சப்1ஏ உதவாது. ஆக்சிஜன் இல்லாமல் முளைக்கும் திறன் தனி. மியான்மர் ரகமொன்றிலிருந்து 2015-ல் பிரித்தறியப்பட்ட டிபிபி7 மரபணு அந்த வேலையைச் செய்கிறது. "சப்1 ரகம் போட்டேன், கலங்கல் நீரில் போய்விட்டது" என்ற புகாரிலும் நியாயம் உண்டு. சேறு கலந்த நீரில் ஒளி இலைக்கு எட்டாது, நீர் சூடாக இருந்தால் சேமிப்பு வேகமாகக் கரையும். பிரேக் சரியாகத்தான் பிடித்தது, டேங்கில் எண்ணெய் தீர்ந்துவிட்டது.

அடுத்து உப்பு. இங்கே எவ்வளவு ஓடுகிறது என்பதைவிட எங்கே ஓடுகிறது என்பது முக்கியம். உவர் நீர் பட்டவுடன் முதல் அடி நீர்ப் பற்றாக்குறைதான். வேரால் நீரை இழுக்க முடியாது, வறட்சி போலவே தெரியும், தூண்டப்படும் மரபணுக்களும் பெரும்பாலும் அவையே. இரண்டாம் அடி நாட்கள் போகப் போக விழும். சோடியம் இலையில் சேர்ந்து, முதிர்ந்த இலைகளின் நுனியிலிருந்து கருகத் தொடங்கும். எச்கேடி1;5 என்ற மரபணுவின் புரதம், வேரில் சைலம் குழாயை ஒட்டிய செல்களின் சவ்வில் உட்கார்ந்துகொண்டு, மேலே ஏறும் சாற்றிலிருந்து சோடியத்தைத் திருப்பி இழுத்துக்கொள்கிறது. நோனா போக்ரா நெல்லில் இது 2005-ல் அடையாளம் காணப்பட்டது. பொக்காளி நெல்லிலிருந்து வந்த, உப்பைத் தாங்க உதவும் சால்டால் என்ற குரோமோசோம் பகுதியும் நெல்லின் முதலாம் குரோமோசோமில், இதே மரபணுவைச் சுற்றித்தான் இருக்கிறது. கோதுமையின் பழைய உறவினம் ஒன்றிலிருந்து இதே குடும்ப மரபணுவை டியூரம் கோதுமைக்குக் கலப்பின் மூலம் கொண்டுவந்தபோது, உவர் வயலில் விளைச்சல் 25 சதவீதம் கூடியதாக 2012-ல் பதிவாகியிருக்கிறது.

சரி, இந்த மரபணுவைச் செடி முழுவதும் ஓடவிட்டால் இன்னும் நன்றாக இருக்குமே? அதையும் அராபிடாப்சிஸில் செய்து பார்த்தார்கள். சோடியம் இலையில் கூடிவிட்டது. வேரின் மேல்தோலிலும் அதே வாயில் திறந்தால் மண்ணிலிருந்து உப்பை உள்ளே இழுத்துப்போடும், அவ்வளவுதான். வேரின் நடு உருளையில் மட்டும் கூட்டியபோதுதான் இலைச் சோடியம் குறைந்தது. சோடியத்தை வேரிலிருந்து மண்ணுக்கே திருப்பித் தள்ளும் எஸ்ஓஎஸ்1, செல்லுக்குள்ளேயே வாக்குவோலில் அடைத்துப் பூட்டும் என்எச்எக்ஸ்1 ஆகியவையும் முக்கியமானவை. அவற்றுக்கும் இதே கதைதான்.

வெப்பத்தில் உணர்வு முறையே அழகானது. எச்எஸ்எஃப் என்ற படியெடுப்புக் காரணியை, எச்எஸ்பி70, எச்எஸ்பி90 என்ற வெப்பக் காப்புப் புரதங்கள் சாதாரணமாகப் பிடித்துவைத்திருக்கும். சூடு ஏறி மற்ற புரதங்கள் மடிப்புக் குலையும்போது இவை அவற்றைக் காப்பாற்ற ஓடிவிடுகின்றன. பிடி தளர்ந்த எச்எஸ்எஃப் மூன்று மூன்றாகச் சேர்ந்து போய், மேலும் எச்எஸ்பி தயாரிக்கச் சொல்கிறது. போதுமான அளவு சேர்ந்ததும் மறுபடி பிடிபடுகிறது. இலையில் இது நன்றாக நடக்கும். முதிர்ந்த மகரந்தத்தில் சரிவர நடப்பதில்லை, சிக்கல் அங்கேதான். நெல் பூ விரிந்திருப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்நேரம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் கொட்டாமலோ முளைக்காமலோ போய், கதிரில் பல மணிகள் பதராகும். இலை மட்டும் பச்சைப்பசேலென்று நிற்கும்! நாற்றுப் பருவத்தில் 42 டிகிரியில் வைத்து "வெப்பம் தாங்கும் மரபணு கண்டோம்" என்பதெல்லாம் விளைச்சலுக்கு எவ்வளவு தொடர்புடையது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். காட்டு நெல் ஒன்றிலிருந்து எடுத்த, அதிகாலையிலேயே பூ விரியவைக்கும் பண்பு வெப்பத்தைத் தாங்குவதே இல்லை. பூப்பதை முன்னால் தள்ளி வெயிலிடமிருந்து நழுவிவிடுகிறது. பல இடங்களில் இதுவே மேல் என்பது என் கருத்து.

புரோலின் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். வறட்சியிலும் உப்பிலும் இந்த அமினோ அமிலம் பல மடங்கு கூடும். அதைத் தயாரிக்கும் பி5சிஎஸ் மரபணுவும் கூடும். உடனே "புரோலின் அதிகம், ஆகவே தாங்கும் ரகம்" என்று எழுதிவிடுகிறார்கள். தாங்காத ரகம் அதிகம் காய்ந்துபோய், அதனாலேயே அதிகம் புரோலின் சேர்த்திருக்கும் நிலை சர்வசாதாரணம். இரண்டு ரகத்தையும் ஒரே இலை நீர்நிலையில் ஒப்பிடாதவரை அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

சோதனை செய்பவர்கள் தடுக்கி விழுவதும் பெரும்பாலும் இப்படித்தான். தொட்டியில் நீர் நிறுத்தும் சோதனையையே பாருங்கள். மரபணு மாற்றிய செடி சற்றுக் குட்டையாக இருக்கிறது, இலைப்பரப்பு குறைவு. நீரை நிறுத்தினால் அதன் தொட்டி மெதுவாகக் காயும். பத்தாம் நாள் பக்கத்துத் தொட்டிச் செடி துவண்டிருக்கும், இது நிமிர்ந்து நிற்கும். படம் எடுத்தால் அற்புதமாக இருக்கும். உண்மையில் குட்டைச் செடிக்கு வறட்சியே இன்னும் வரவில்லை. இரண்டையும் ஒரே தொட்டியில் வேர்கள் கலக்கும்படி வளர்த்தால் இந்த மாயை கலைந்துவிடும். அதற்கு வசதி இல்லையென்றால், மண் மேற்பரப்பை பிளாஸ்டிக் தாளால் மூடி, தொட்டியைத் தினமும் எடைபோட்டு, குறைந்த நீரில் ஒரு பகுதியை ஊற்றி, எல்லாத் தொட்டிகளும் ஒரே வேகத்தில் காயும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு இலையின் சார்பு நீர் அளவையும் எடுங்கள். பறித்தவுடன் உள்ள எடையிலிருந்து உலர் எடையைக் கழித்து, அதை முழுதாக நீர் குடித்த எடைக்கும் உலர் எடைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, நூறால் பெருக்கினால் வருவது அது.

வேர் நீரை இழுக்க விடாமல் செய்யும் பெக்-6000 (பாலிஎத்திலீன் கிளைக்கால்) கரைசலில் வேரை வைப்பது வேகமான வழி. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீருக்கு 200 கிராம் கரைத்தால் நீரழுத்தம் ஏறக்குறைய மைனஸ் 0.5 மெகாபாஸ்கல் வரும். ஆனால் கரைசல் பிசுபிசுப்பாக இருப்பதால் வேருக்கு ஆக்சிஜன் போய்ச்சேராது. காற்றுக் குமிழி விடாவிட்டால் நீங்கள் அளப்பது பாதி வறட்சி, பாதி மூச்சுத்திணறல். பெஞ்சில் இலையைப் பறித்துப் போட்டுக் காயவைப்பது அதைவிட மோசம். வயலில் இரண்டு வாரத்தில் நடப்பது அங்கே இரண்டு மணி நேரத்தில் நடக்கிறது, செல்லுக்குப் பழகிக்கொள்ள அவகாசமே இல்லை. உப்புக்கும் இதே விதிதான். 200 மில்லிமோலார் சோடியம் குளோரைடை ஒரே தடவையில் ஊற்றினால் கிடைப்பது அதிர்ச்சிக்கான பதில். நாளுக்கு 25 முதல் 50 மில்லிமோலார் வரை படிப்படியாக ஏற்றுங்கள். கரைசலில் கால்சியம் இருக்கட்டும், பிஎச் தினமும் சரிபாருங்கள். நெல் நாற்றுத் தேர்வுக்கு மீட்டருக்கு 12 டெசிசீமன்ஸ் மின்கடத்துதிறன் வழக்கமாக எட்டும் இலக்கு. 100 மில்லிமோலார் என்பது ஏறக்குறைய 10.

மாதிரி எடுக்கும் நேரம் பலரைக் கவிழ்த்திருக்கிறது. காலை 8 மணிக்குக் கட்டுப்பாட்டுச் செடியில், அதாவது நெருக்கடி தராத செடியில், ஒரே ஒரு முறை இலை எடுத்துவிட்டு, நெருக்கடிச் செடியில் 1, 6, 12, 24 மணி நேரத்தில் எடுத்து ஒப்பிடுவார்கள். பல மரபணுக்கள், குறிப்பாக சிபிஎஃப், செடியின் உள்கடிகாரப்படியே பகலில் ஏறி இறங்கும். நெருக்கடியின் விளைவு என்று வரைபடத்தில் காட்டுவது வெறும் பிற்பகலாக இருக்கலாம். ஒவ்வொரு நேரத்துக்கும் அதே நேரத்துக் கட்டுப்பாட்டுச் செடி வேண்டும். வெட்டிய இலை சில நொடிகளுக்குள் திரவ நைட்ரஜனுக்குள் போக வேண்டும். பையில் போட்டு ஆய்வகம் வரை தூக்கிப்போனால், காயம்பட்டதற்கான மரபணுக்களே முன்னால் வந்து நிற்கும்.

ஆர்என்ஏ பிரித்த பின், அதன் சுத்தத்தைக் காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 2.0-ஐ ஒட்டியிருக்கட்டும். டிஎன்ஏஸ் நொதியால் சுத்தம் செய்யுங்கள். தலைகீழ் படியெடுப்பு நொதி சேர்க்காத ஒரு குழாயையும் கூடவே ஓட்டினால் மிச்ச டிஎன்ஏ காட்டிக்கொடுக்கும். ஆர்என்ஏவின் அளவைப் பெருக்கி அளக்கும் க்யூபிசிஆரில் பிரைமர் ஜோடியின் (பெருக்க வேண்டிய பகுதியின் இரு முனையிலும் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகளின்) செயல்திறன் 90 முதல் 110 சதவீதத்துக்குள் இல்லையென்றால், எத்தனை மடங்கு ஏறியது என்று சொல்லும் டெல்டா-டெல்டா சிடி கணக்கைப் போடாதீர்கள். அந்தக் கணக்கு ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பதாகவே வைத்துக்கொள்கிறது. ஒப்பீட்டு மரபணுவாக ஆக்டினை மட்டும் நம்ப வேண்டாம். வளர்ச்சி நிற்கும்போது ஆக்டினும் டியூபுலினும்கூட இறங்கும், அவை இறங்கினால் மற்றதெல்லாம் ஏறியதாகத் தெரியும். நிலையானவை என்று உங்கள் மாதிரிகளிலேயே சோதித்த இரண்டு மூன்றை வைத்துக்கொள்ளுங்கள். ரொட்டிக் கோதுமை என்றால் இன்னொரு பொறி உண்டு. ஏ, பி, டி என்று மூன்று துணை மரபணுத்தொகுதிகள் இருப்பதால் ஒரே மரபணுவுக்கு மூன்று பிரதிகள். பிரைமர் மூன்றையும் சேர்த்துப் பெருக்கினால் எது தூண்டப்பட்டது என்றே தெரியாது. ஒரே செடியின் ஆர்என்ஏவை மூன்று குழாயில் ஓட்டுவது மூன்று பிரதிச்செடிகள் ஆகாது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றும் அது நடக்கிறது.

வந்த எண்ணையும் நிதானமாகப் படிக்க வேண்டும். "ஐம்பது மடங்கு ஏற்றம்" என்பது ஒரு பிரதி ஐம்பதானதாகவும் இருக்கலாம். ஏற்கெனவே பத்தாயிரம் பிரதி இருக்கும் மரபணு ஒன்றரை மடங்கானால் செல்லுக்கு அதுவே பெரிய விஷயம், பட்டியலில் அது கண்ணில் படாது. நெருக்கடிகள் சேர்ந்து வரும்போது நிலைமை இன்னும் சிக்கல். வெப்பத்தில் இலையைக் குளிர்விக்கத் துளை திறக்க வேண்டும், வறட்சியில் மூட வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்தால் தூண்டப்படும் மரபணுக்கள், தனித்தனிப் பட்டியல்களைக் கூட்டினால் வருவதாக இருப்பதில்லை. வயலில் பெரும்பாலும் சேர்ந்தேதான் வருகின்றன.

வேறொரு கோணமும் இருக்கிறது. டிஎஸ்டி என்ற நெல் மரபணு வறட்சியையும் உப்பையும் தாங்கும் திறனுக்கு எதிராக வேலை செய்கிறது, அதாவது இலைத்துளைகளைத் திறந்தே வைக்கிறது. அதைச் செயலிழக்கச் செய்தால் காப்புச் செல்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு கூடித் துளைகள் எளிதில் மூடுகின்றன, துளைகளின் எண்ணிக்கையும் குறைகிறது. 2009-ல் தெரிந்த இந்த விஷயத்தை வைத்து, எம்டியூ1010 ரகத்தில் மரபணுத் திருத்தம் செய்து உருவாக்கிய பூசா டிஎஸ்டி ரைஸ் 1, இந்தியாவில் 2025-ல் அறிவிக்கப்பட்டது. வறட்சியில் எவை தூண்டப்படுகின்றன என்று மட்டும் தேடினால் இப்படிப்பட்ட எதிர்மறைச் சீராக்கிகள் எளிதில் சிக்காது.

டிஆர்ஓ1 அதைவிடத் தெளிவான உதாரணம். வேர் எந்தக் கோணத்தில் இறங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் மரபணு அது. ஐஆர்64 நெல்லின் வேர் ஆழமில்லாமல் பக்கவாட்டில் பரவும். கினான்டாங் பட்டோங் என்ற மேட்டுநில ரகத்தின் டிஆர்ஓ1-ஐ அதில் கொண்டுவந்ததும் வேர் செங்குத்தாக இறங்கியது, வறட்சியில் விளைச்சல் காப்பாற்றப்பட்டது. 2013-ல் வெளியான ஆய்வு இது. அந்த மரபணு தன் வேலையை மண் ஈரமாக இருக்கும்போதே, வேர் வளரும் நாட்களிலேயே முடித்துவிடுகிறது. வறட்சி வந்த அன்று இலையைப் பறித்து ஆர்என்ஏ எடுப்பவருக்கு அங்கே எந்த மாற்றமும் தெரியப்போவதில்லை. கீழே ஈரமே இல்லாத, பாறை தட்டும் மேலோட்டமான மண்ணாக இருந்தால் அந்த ஆழ வேராலும் பயனில்லை.